சமுதாய வானொலியில் நடுநிலையும் கணக்கும்: கடலூர்–புதுச்சேரிக் கரைக்கு ஒரு கையேடு

ஓர் ஊர் மக்களுக்காகத் தொண்டு நிறுவனமோ கல்லூரியோ லாப நோக்கமின்றி நடத்தும் சிறு எஃப்.எம். நிலையம்தான் சமுதாய வானொலி. அதற்கு அனுமதி வாங்குவதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. டிரான்ஸ்மிட்டர் பழுதானால் பார்க்க ஆள் கிடைக்கும். ஆனால் நிலையம் ஒருபக்கமாகப் பேசிவிட்டது என்றோ, விளம்பரக் காசு வேறு செலவுக்குப் போய்விட்டது என்றோ ஒரு புகார் டெல்லியில் உள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போனால், அன்றைக்குக் கைகொடுப்பவை ஒலிப்பதிவும், எது எப்போது ஒலித்தது என்று எழுதிவைக்கும் லாக் புக்கும், ரசீதுக் கட்டும் மட்டுமே. இந்தக் கையேடு அந்த இரண்டு விஷயத்துக்குத்தான். எந்த மைக் வாங்கலாம், அறையை எப்படி ஒலி புகாமல் செய்யலாம் என்பதெல்லாம் இதில் இல்லை.

இரண்டு நிபந்தனைகளும் வானொலி பிறந்தபோதே கூடப் பிறந்தவை. அலைவரிசை எண்ணி எடுக்கும்படி இருப்பது, அது பொதுச் சொத்து. அதைக் கையில் வாங்கியவர் தன் பக்கத்துக்காக மட்டும் பேசக் கூடாது, அதை வைத்துச் சொந்த லாபம் பார்க்கவும் கூடாது. 1920-களில் லண்டனிலும் வாஷிங்டனிலும் பம்பாயிலும் இதே எண்ணத்தோடுதான் உரிமம் எழுதினார்கள். 1995 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றமும் அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்றே தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. ஒவ்வொரு விதியும் எந்தத் தவறிலிருந்து பிறந்தது என்று தெரிந்துகொண்டால், விதியில் எழுதியிராத சூழலிலும் சரியாக முடிவெடுக்கலாம். அதனால் கீழே ஆங்காங்கே பழைய கதையும் வரும்.

முதலில் எல்லையைப் பாருங்கள்

உங்கள் நிலையத்துக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையக் கூடாது, 30 மீட்டரைத் தாண்டவும் கூடாது. சமவெளியான நம் கரையில் இது சுமார் 10 கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆன்டெனா வைத்தால் தென்பெண்ணை தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில், பாகூர் பக்கம்வரை போகும். அதாவது ஒரே ஒலிபரப்பை இரண்டு அரசுகளின் மக்கள் கேட்கிறார்கள்.

இதை மறந்துவிட்டு நடப்பவைதான் பல சிக்கலுக்கு வேர். மின்வாரியத்தின் அறிவிப்பு கடலூருக்கு, மின்துறையின் அறிவிப்பு புதுச்சேரிக்கு. ஒன்றை மட்டும் வாசித்தால் பாகூர்க்காரர் தன் ஊரில் கரண்ட் போகுமோ என்று குழம்புவார். ரேஷன், முதியோர் உதவித்தொகை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாமே இரண்டு பக்கமும் வேறு வேறு தொகை, வேறு வேறு விதி. ஆகவே ஒவ்வொரு அறிவிப்பின் முதல் வாக்கியத்திலேயே எந்த அரசின் அறிவிப்பு என்று சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் போதாது. பாதியில் ரேடியோவைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம்.

குழுவில் யார் யார்

தனி ஆளுக்கும், அரசியல் கட்சிக்கும் அதன் சார்பு அமைப்புகளுக்கும், லாபத்துக்காக நடக்கும் நிறுவனத்துக்கும் அனுமதி கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ குறைந்தது 3 ஆண்டு அந்தப் பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும். இதெல்லாம் விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். தொடர்ந்து கவனிக்க வேண்டியது ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழு. 2024-இல் வந்த வழிகாட்டு நெறிகள்படி அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

10 பேர் போதும். ஆளைத் தேடுவதற்கு முன் எந்தெந்த இடம் வேண்டும் என்று எழுதிவையுங்கள்: சிறுபடகு மீனவர், விசைப்படகுக்காரர், மீன் விற்கும் பெண், விவசாயக் கூலி, சிறு விவசாயி, காலனியிலிருந்து ஒருவர், முஸ்லிம் தெருவிலிருந்து ஒருவர், சிப்காட் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், ஆசிரியர், எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி ஊரிலிருந்து ஒருவர். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் பாருங்கள். ஆளை முதலில் பிடித்துவிட்டு இடத்தைப் பொருத்தினால், அறக்கட்டளைத் தலைவருக்குத் தெரிந்தவர்களே உட்கார்ந்திருப்பார்கள். கட்சிப் பொறுப்பில் இருப்பவரைச் சேர்க்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். மாதம் ஒரு கூட்டம், அதற்கு ஒரு தீர்மானப் புத்தகம், வந்தவர்களின் கையெழுத்து. இந்தப் புத்தகத்தைத்தான் பின்னால் முதலில் கேட்பார்கள்.

விளம்பர நிமிடம்

ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்வரை விளம்பரம் போடலாம். 2006-இல் இது 5 நிமிடமாக இருந்தது, பிறகு 7 ஆனது, இப்போது 12. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். 30 விநாடி விளம்பரம் ஒருமுறை போனால் 222 ரூபாய்.

12 நிமிடம் இருக்கிறதே என்று 12 நிமிடமும் விற்காதீர்கள். 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மணிக்கு 4 இடைவேளை, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். 10-ஆவது, 25-ஆவது, 40-ஆவது, 55-ஆவது நிமிடத்தில் தொடங்குங்கள். மிச்சம் 2 நிமிடம் எதற்கு என்றால், நேரலை எப்போதும் நகரும். 3.55-க்குப் போக வேண்டிய இடைவேளை பேச்சு நீண்டு 4.01-க்குப் போனால், 4 மணிக் கணக்கில் 5 இடைவேளை சேர்ந்து பன்னிரண்டரை நிமிடம் ஆகிவிடும். அப்படி நகர்ந்தால் 4.55 இடைவேளையிலிருந்து 30 விநாடி விளம்பரம் ஒன்றையாவது எடுத்து அடுத்த மணிக்குத் தள்ளுங்கள். லாக் புக்கில் தள்ளியதையும் எழுதுங்கள்.

எது விளம்பரம் என்பதில்தான் பெரும்பாலான நிலையங்கள் வழுக்குகின்றன. காசு வாங்கி ஒலித்தது மட்டும் விளம்பரம் என்று நினைக்கிறார்கள். காசாக, பொருளாக, உதவியாக எதை வாங்கிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னாலும் அது விளம்பரம்தான், விநாடியை எண்ண வேண்டும். டிபன் கடை தினமும் ஊழியர்களுக்கு இட்லி கொடுத்து, அறிவிப்பாளர் காலையில் அந்தக் கடையின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தால், அது விளம்பரம். ஜவுளிக்கடை முதலாளியைப் பேட்டி கண்டு ஆடித் தள்ளுபடியைப் பற்றிப் பேசவைத்தால், அந்தப் பேட்டி முழுவதும் விளம்பரம்.

1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம் 10 நிமிடத்தை 50 டாலருக்கு ஒரு வீட்டு மனைக் கம்பெனிக்கு விற்றது. அந்த நிகழ்ச்சி உரை வடிவில் இருந்தது, நகரத்தை விட்டு வெளியே குடியிருப்பதன் அருமையைப் பேசியது. இப்படி உரையும் விற்பனையும் கலந்துவந்த காலத்தில்தான் அமெரிக்கா தன் 1927 வானொலிச் சட்டத்தில், காசு வாங்கி ஒலிபரப்பியதைக் காசு கொடுத்தவரின் பெயரோடு அறிவிக்க வேண்டும் என்று எழுதியது. நீங்களும் அதைக் கைக்கொள்ளுங்கள். இடைவேளைக்கு முன்னும் பின்னும் 3 விநாடி இசை போடுங்கள். கேட்பவருக்கு விளம்பரம் தொடங்கியதும் முடிந்ததும் தெரிய வேண்டும்.

‘இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்’ என்று நகைக்கடையின் பெயரைச் சொல்லித் திரைப்பாடல் நிகழ்ச்சி நடத்த முடியாது. பொதுநலச் செய்திக்காக மத்திய, மாநில அரசுகளும் அதுபோன்ற அமைப்புகளும் வழங்கும் நிகழ்ச்சிக்குத்தான் அனுமதி. நகைக்கடைக்காரரிடம் 30 விநாடி விளம்பரம் மட்டும் கேளுங்கள்.

வைத்தியர் விளம்பரம் வந்தால் கை நிற்கட்டும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி என்பவர் கே.எஃப்.கே.பி. என்ற நிலையத்தை வைத்திருந்தார். நோயாளிகள் எழுதிய கடிதத்தை வானொலியில் வாசித்து, ஆளையே பார்க்காமல் எந்த எண்ணிட்ட மருந்தை வாங்க வேண்டும் என்று சொல்வார். அந்த மருந்தை விற்ற கடைகளிடமிருந்து அவருக்குப் பங்கு வந்தது. 1930-இல் அந்நாட்டு வானொலி ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. பொதுநலத்துக்காகத் தந்த அலைவரிசையைச் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறார் என்பதே காரணம். 1931-இல் நீதிமன்றமும் அதை ஏற்றது. நம் ஊரில் 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டமே இருக்கிறது. சர்க்கரை நோயை வேரோடு தீர்ப்போம், ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு காசு என்றாலும் வாங்காதீர்கள். வைத்தியசாலையின் பெயர், முகவரி, நேரம் மட்டும் என்றால் பரிசீலிக்கலாம்.

காசு எந்தப் பையில் போகிறது

விதி எளிது. விளம்பர வருமானம் நிலையத்தின் நடைமுறைச் செலவுக்கும் கருவிச் செலவுக்கும் மட்டும். அதெல்லாம் போக மிஞ்சினால், அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வாங்கித்தான் அறக்கட்டளையின் அடிப்படைப் பணிக்கு மாற்றலாம்.

லாபம் லாபக் கணக்கில் தெரியாது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1922-இல் தொடங்கிய பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனி (பி.பி.சி.) ஒரு தனியார் கம்பெனி. பங்குதாரர்களுக்கு 7.5 சதவீதத்துக்கு மேல் ஈவுத்தொகை தரக் கூடாது என்றது உரிமம், காசு வாங்கி விளம்பரம் போடவும் தடை. கேட்பவர் ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்டினார், அதில் பாதி கம்பெனிக்கு. ஆனால் பங்குதாரர்கள் யார்? ரேடியோ பெட்டி செய்கிறவர்கள். கம்பெனியின் முத்திரை உள்ள பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று விதி வேறு. ஈவுத்தொகைக்குப் பூட்டு போட்டாலும் லாபம் பெட்டி விற்பனையில் வந்தது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1927 ஜனவரி 1 முதல் கம்பெனி போய் அரச சாசனத்தின் கீழ் கார்ப்பரேஷன் வந்தது.

உங்கள் நிலையத்தில் அந்தப் பெட்டி விற்பனை எது என்று தேடுங்கள். கல்லூரி நடத்தும் நிலையம் என்றால் மே, ஜூன் மாதத்தில் சேர்க்கை அறிவிப்பு. எந்நேரமும் ‘எங்கள் கல்லூரியில் சேருங்கள்’ என்று போய்க்கொண்டிருந்தால் ரசீதில் ஒரு ரூபாய்கூட இருக்காது, ஆதாயம் மட்டும் கல்லூரிக்குப் போகும். அதையும் 12 நிமிடக் கணக்கில் சேருங்கள். ரேட் கார்டுப்படி (நிலையத்தின் விளம்பர விலைப் பட்டியல்) பில் போட்டு, கல்லூரிக் கணக்கிலிருந்து நிலையக் கணக்குக்குப் பணத்தை வாங்குங்கள். அறக்கட்டளைக் கட்டடத்தில் நிலையம் இருந்து வாடகை கொடுத்தால், அந்தத் தெருவில் நடப்பில் உள்ள வாடகையைவிடக் கூடக் கொடுக்காதீர்கள். கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் பின்வாசல் வழியாகப் போகும் லாபம். அறக்கட்டளைக்கு அவசரம், 2 மாதத்தில் திருப்பித் தந்துவிடுவோம் என்று நிலையக் கணக்கிலிருந்து கைமாற்று எடுப்பதும் அதுதான். திருப்பிக் கட்டியிருந்தாலும் வங்கி ஸ்டேட்மென்டில் அந்த வரி நிற்கும்.

ஆகவே நிலையத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி கேஷ் புக், வரிசை எண் அச்சிட்ட தனி ரசீதுப் புத்தகம். ரேட் கார்டை அச்சடித்து வரவேற்பறையில் ஒட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே விலை. தள்ளுபடி உண்டென்றால் அதையும் கார்டிலேயே எழுதுங்கள்: இத்தனை முறைக்கு மேல் இத்தனை சதவீதம் என்று. வாய்ப்பேச்சில் ஒருவருக்குக் குறைத்தால், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அடுத்த கடைக்காரர் கேட்பார். கேட்பது நியாயம். பண்டமாற்று என்றால், எலக்ட்ரிகல் கடை 6,000 ரூபாய் மின்விசிறி தந்தது என்று வரவில் எழுதி, அதே 6,000 ரூபாய்க்கு ரேட் கார்டுப்படி எத்தனை விநாடி என்று விளம்பரப் பதிவிலும் எழுதுங்கள்.

அதற்காக வருமானமே வேண்டாம் என்று இருப்பதும் தவறு. இதைத் தமிழ்நாட்டு வானொலியின் தொடக்கமே காட்டுகிறது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஆரம்பித்து 200 வாட்டுக்கு வளர்ந்தது. யாருக்கும் லாபம் போகவில்லை, ஆர்வலர்களின் சந்தாவில் நடந்தது. 1927-இல் பணமில்லாமல் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டரை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலிலிருந்து ஒலிபரப்பியது, 1938 ஜூனில் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927-இல் நிலையம் திறந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனிக்கும் இதே கதி. 10 ரூபாய் உரிமக் கட்டணத்தில் 80 சதவீதம் கம்பெனிக்கு வந்தும், உரிமம் எடுத்தவர்கள் எண்ணிக்கை 8,000-ஐக்கூட எட்டவில்லை. உரிமம் எடுக்காமல் கேட்டவர்கள் தனி. 1930 மார்ச்சில் கம்பெனி மூடப்பட்டு ஏப்ரலில் அரசு எடுத்துக்கொண்டது.

ஆண்டு முடிவில் மிச்சம் இருந்தால், அதைக் கருவிச் சேமிப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் கரையில் உப்புக்காற்று, டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸியல் கேபிளின் இணைப்புகளைத் தின்றுவிடும். பவர் ஆம்ப்ளிஃபயர், யுபிஎஸ் பேட்டரி, கேபிள் இவற்றுக்கான பணம் கையில் இல்லாத நிலையம்தான், பணம் தருகிறேன் என்று வரும் முதல் அரசியல்வாதிக்கு வளைந்துகொடுக்கும். கணக்கும் நடுநிலையும் இங்கேதான் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

நடுநிலை: எதைப் பேசலாம்

சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம். தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா, போக்குவரத்து, வானிலை, உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சார அறிவிப்பு, பேரிடர், சுகாதார எச்சரிக்கை இவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிகள் உங்களுக்கும் பொருந்தும். கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது, மதத்தையோ சமூகத்தையோ இழிவாகப் பேசுவது, அவதூறு, வன்முறையைத் தூண்டுவது எதுவும் கூடாது.

இதைப் படித்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று சமையல் குறிப்பும் பாட்டும் மட்டும் போடும் நிலையங்கள் உண்டு. அது நடுநிலை ஆகாது. பி.பி.சி. சாசனம் பெற்ற 1927-இல் சர்ச்சைக்குரிய எதையும் பேசக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. 1928 மார்ச்சில் அந்தத் தடையை அரசே நீக்கியது. ஊருக்கு முக்கியமான எதையும் பேச முடியாத வானொலியை யாரும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. நிலையத்தின் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது என்ற தடை மட்டும் நின்றது. பாதை அதுதான்: விஷயத்தைப் பேசுங்கள், நிலையம் கருத்துச் சொல்லாமல் இருக்கட்டும்.

சுருக்குமடி வலையை, அதாவது மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலையை, எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர்–புதுச்சேரிக் கரையில் இதைவிட எளிதில் தீப்பிடிக்கும் விஷயம் இல்லை. நேற்று நடந்த மோதலை நீங்கள் சொல்லவே கூடாது. அது செய்தி. ஆனால் வலையின் கண்ணி அளவு, சட்டம், கடல் வளம், யாருக்கு என்ன பாதிப்பு என்பது வாழ்வாதார நிகழ்ச்சி. 28 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரியுங்கள்: அறிமுகம் 2 நிமிடம், சட்டம் 4 நிமிடம், நான்கு தரப்புக்கும் ஆளுக்கு 4 நிமிடமாக 16, மறுமொழிக்கு ஆளுக்கு 1 நிமிடமாக 4, முடிவுரை 2. நான்கு தரப்பு: சுருக்குமடி வைத்திருப்பவர், ஃபைபர் படகில் போகும் சிறுதொழில் மீனவர், விசைப்படகுக்காரர், கரையில் மீன் வாங்கி விற்கும் பெண். கடைசித் தரப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் பேசிவிட்டால் ஊரே பேசியதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குக் காரணம்.

சட்டப் பகுதியை அறிவிப்பாளர் எழுதிய தாளிலிருந்து வாசிக்க வேண்டும், விளக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2000-இல் இந்த வலைக்குத் தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணிவரை என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. ஒலிபரப்பும் நாளில் நடப்பு நிலவரம் என்ன என்பதை மீன்வளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். புதுச்சேரிக்குத் தனித் துறை, அங்கும் தனியாக வாங்குங்கள். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லாதீர்கள்.

பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், குலுக்குவதையும் பதிவு செய்யுங்கள். நான்கு பேருக்கும் ஒரே கேள்விகள், ஒரே நேரம், ஒரே மைக். வெட்டும்போது இருமல், தடுமாற்றம், பெயர் சொல்லித் திட்டியது இவற்றை மட்டும் வெட்டுங்கள். வெட்டாத மூலப் பதிவைத் தனியே வையுங்கள். மறுஒலிபரப்பு செய்தால் முழுவதையும் செய்யுங்கள். ஒரு தரப்பை மட்டும் துண்டாக எடுத்து வேறு நிகழ்ச்சியில் போட்டீர்களானால் இத்தனை உழைப்பும் வீண். முடிந்ததும் பாட்டு வேண்டாம், 10 விநாடி வாத்திய இசை போதும். பாட்டின் வரி யாருக்காவது தீர்ப்புச் சொன்னது போல ஆகிவிடும்.

ஒரு தரப்பு வரவில்லை என்றால் அழைத்த தேதி, அழைத்தவர், கிடைத்த பதில் மூன்றையும் குறித்துவையுங்கள். ‘இவர்களையும் அழைத்திருந்தோம், இன்று கலந்துகொள்ளவில்லை. அடுத்த வாரம் இதே நேரம் இவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்’ என்று ஒரே முறை சொல்லுங்கள். வராதவரின் கருத்தை அறிவிப்பாளர் தன் வாயால் சுருக்கிச் சொல்வது கூடவே கூடாது.

நிலையம் பொய் சொல்லாமலே ஒருபக்கம் சாய முடியும். 1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது பத்திரிகைகள் பெரும்பாலும் வரவில்லை, வானொலிதான் நாட்டின் காது. பி.பி.சி.யை அரசே கைப்பற்ற வேண்டும் என்று சர்ச்சில் வற்புறுத்தினார், அதன் நிர்வாகத் தலைவர் ஜான் ரீத் அதைத் தடுத்தார். தொழிற்சங்க அறிவிப்புகளும் வாசிக்கப்பட்டன. ஆனாலும் தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கு மைக் கிடைக்கவில்லை. கேன்டர்பரி பேராயரின் சமரச வேண்டுகோள் சில நாள் தள்ளிப்போடப்பட்டது. சொன்னதில் குற்றமில்லை, சொல்லவிடாததில்தான் சாய்வு இருந்தது.

உங்கள் சாய்வும் அப்படித்தான் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எண்ணுவது. லாக் புக்கில் பேசியவரின் ஊர், தொழில், ஆணா பெண்ணா, எத்தனை விநாடி என்ற 4 பத்திகளைச் சேருங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். நிலையம் இருக்கும் தெருவைச் சுற்றியே பாதி நேரம் போயிருக்கும், காலனிக் குரல் ஒரு சில நிமிடம் வந்திருக்கும். இந்தக் கூட்டலைக் குழுவின் கூட்டத்தில் வாசித்து, அடுத்த மாதம் எந்த ஊருக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போவது என்று அங்கேயே முடிவெடுங்கள். குறைந்தது 50 சதவீத நிகழ்ச்சி உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்ற விதிக்கும் இதே கணக்கு உதவும்.

தேர்தல் வந்தால்

அமெரிக்காவின் 1927 சட்டம், ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் மற்ற வேட்பாளருக்கும் சமமாகக் கொடு என்றது. உங்களுக்கு அதைவிட எளிய வழி: யாருக்கும் கொடுக்காதீர்கள். அரசியல் விளம்பரத்தையும் வாங்காதீர்கள்.

ஆபத்து பழைய பதிவுகளில் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்த அன்றே, மறுஒலிபரப்புக்கு அட்டவணையிட்ட எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் குளம் தூர்வாரியதைப் பற்றிப் பேசிய ஊர்ப் பெரியவர் இப்போது வேட்பாளராக நிற்கலாம். நிலையத் திறப்பு விழாவில் எம்.எல்.ஏ. வாழ்த்தியது அடையாள ஒலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேட்பாளராக நிற்கும் நடிகரின் படப்பாட்டையும் கட்சிக் கூட்டங்களில் ஒலிக்கும் பாட்டுகளையும் முடிவு வரும்வரை தனிக் கோப்புறையில் பூட்டி வையுங்கள். தொலைபேசி நேரலையில் ‘இந்தப் பாட்டை எங்கள் தலைவருக்காகப் போடுங்கள்’ என்பார்கள். அதனால் அந்தக் காலத்தில் பதிவு செய்து கேட்ட பிறகே ஒலிபரப்புங்கள். இரண்டு தேர்தல் அட்டவணை என்பதையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் தேர்தல் முடிந்து புதுச்சேரியில் முடியவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் முடியவில்லை.

புயல் நாட்களில்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. அப்படி ஒரு நாளில் எச்சரிக்கையை வானிலை ஆய்வு மையத்திடமிருந்தும் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலிருந்தும் மட்டும் எடுங்கள். வெளியான நேரத்தை முதலில் சொல்லி, வாசகத்தை அப்படியே வாசியுங்கள். கடலூர்த் துறைமுகத்தில் எந்த எண் கூண்டு, புதுச்சேரித் துறைமுகத்தில் எந்த எண் என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

நடுநிலை உடைவது எச்சரிக்கையில் அல்ல, நிவாரணத்தில். அரிசி கொடுப்பவர் தன் கட்சிப் பெயரைச் சொல்லச் சொல்வார். எங்கே, எப்போது, யாருக்கு, என்ன கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். கொடுப்பவரின் பெயர் எவருடையதும் வேண்டாம். எந்த ஊருக்கு வந்தது என்பதோடு, எந்த ஊரிலிருந்து வரவில்லை என்று அழைப்பு வந்ததோ அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும் பதிலை ஒலிபரப்புங்கள்.

பதிவும் நோட்டீஸும்

ஒலிபரப்பியது எல்லாவற்றையும் 3 மாதம் வைத்திருக்க வேண்டும். ஸ்டூடியோவில் குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸரிலிருந்து பதிவு செய்யாதீர்கள். சாதாரண எஃப்.எம். ரேடியோ ஒன்றை உங்கள் அலைவரிசையில் வைத்து, அதிலிருந்து கணினிக்குப் பதிவு செய்யுங்கள். காற்றில் உண்மையில் என்ன போனது என்பதற்கு அதுதான் சாட்சி. மோனோ, 64 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் மணிக்கு சுமார் 29 எம்.பி. நாளைக்கு 16 மணி நேரம், 92 நாள் என்றால் 43 ஜி.பி.க்குள் அடங்கும். 128 ஜி.பி. பென்டிரைவே போதும், ஆனால் இரண்டில் வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பு, பெயரில் தேதியும் நேரமும். பதிவுக் கணினியும் ரேடியோவும் டிரான்ஸ்மிட்டரோடு ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போன நேரத்தில் ஒலிபரப்பு தொடரும், பதிவு மட்டும் இருக்காது. புகார் வருவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். கணினிக் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். லாக் புக்கில் 6.10, பதிவில் 6.17 என்று இருந்தால் இரண்டையும் நம்பமாட்டார்கள்.

2006 நெறிகள்படி முதல் மீறலுக்கு ஒரு மாதம்வரை ஒலிபரப்பு நிறுத்தம், இரண்டாவதற்கு 3 மாதம்வரை, அதன் பிறகும் மீறினால் அனுமதி ரத்து. நோட்டீஸ் வந்தால் முதல் வேலை பதில் எழுதுவதல்ல. பழைய கோப்புகள் தானாக அழியும்படி வைத்திருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். நோட்டீஸ் 85-ஆவது நாளில் வரும், பதில் எழுத உட்காரும்போது 95-ஆவது நாள் ஆகியிருக்கும், பதிவு போயிருக்கும். அடுத்து, சொல்லப்பட்ட நாளின் பதிவு, லாக் புக் பக்கம், மூலப் பதிவு, அழைப்புக் குறிப்பு, அந்த மணிக்குரிய விளம்பர விநாடிக் கணக்கு, ரசீது ஆறையும் நகலெடுத்து ஒரே உறையில் வையுங்கள். குழுவைக் கூட்டி எல்லோரும் பதிவை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். தவறு நடந்திருந்தால் எந்த நிமிடத்தில், ஏன், இனி எப்படித் தடுப்போம் என்று எழுதுங்கள். நடக்கவில்லை என்றால் விநாடியோடு காட்டுங்கள். கெடு தேதிக்கு முன்பே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள்.